வீட்டு வேலைக்கு கார்ட்லெஸ் டிரில்லும் பேட்டரியும்: எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

கார்ட்லெஸ் டிரில் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு மாடலைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு என்ன பேட்டரி வருகிறது என்று அப்புறம் பார்க்கிறார்கள். தங்கள் சுவரில் அது ஓட்டை போடுமா என்பது வாங்கி வந்த பிறகுதான் தெரிகிறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். முதலில் வேலை, அடுத்து சுவர், பிறகு மெஷின் வகை, அதன் பின் பேட்டரிக் குடும்பம். மாடல் எண்ணைப் பார்ப்பது கடைசியில்தான்.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு தாள், பேனா, அளவு டேப். முடிந்தால் பக்கத்து வீட்டில் ஒரு டிரில்லை அரை மணி நேரம் இரவல் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது படியில் அது உதவும்.

1. வேலைப் பட்டியல் எழுதுங்கள்

அடுத்த ஓராண்டில் வீட்டில் நீங்களே செய்ய நினைக்கும் வேலைகளை எழுதுங்கள். கர்ட்டன் ராடு, சுவர் அலமாரி, கதவுத் தாழ்ப்பாள், கட்டிலைப் பிரித்து மாட்டுவது, கொசுவலை ஃபிரேம், மொட்டை மாடியில் கொடிக் கயிறு கட்ட ஹூக், இப்படி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எதன் மேல் நடக்கப்போகிறது என்றும் குறியுங்கள்: மரம், பிளைவுட், இரும்பு, செங்கல் சுவர், கான்கிரீட், டைல்ஸ்.

மெஷினைத் தீர்மானிப்பது இப்படிப் பக்கத்தில் குறித்த பொருள்தான். பெரும்பாலான வீட்டுப் பட்டியல்களில் பாதிக்கு மேல் ஸ்க்ரூ முடுக்கும் வேலையாகத்தான் இருக்கும். ஆனால் வாங்கும்போது எல்லோருடைய மனதிலும் சுவர் ஓட்டை மட்டுமே நிற்கிறது. அதனால் கனமான மெஷினை வாங்கிவிட்டு, கட்டிலுக்கு ஸ்க்ரூ முடுக்கும்போது கை கடுத்துப் போகிறது.

2. சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஒரே அறையில் ஒரு சுவர் செங்கலாகவும் அதன் ஓரம் கான்கிரீட் தூணாகவும் இருக்கும். பூச்சும் பெயின்ட்டும் அடித்த பிறகு வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

இரவல் டிரில்லில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் பிட் போட்டு, கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு ஓட்டை போட்டு, விழும் தூளைப் பாருங்கள். முதலில் வருவது பூச்சு. சாம்பல் நிறத்தில் மணல் மணலாக விழும். அதைத் தாண்டியதும் செம்மண் நிறத்தில் தூள் வந்தால் செங்கல். பிட் நகராமல், மிக நுண்ணிய சாம்பல் தூள் கொஞ்சமாக வந்தால் கான்கிரீட். வெண்ணெயில் இறங்குவதைப் போல பிட் சரசரவென்று உள்ளே போய் இலேசான வெள்ளைத் தூள் கொட்டினால் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான சிமென்ட் கல். புதிய அடுக்குமாடிகளில் இது நிறைய இருக்கிறது. ஏஏசி சுவருக்கு ஹேமர் (பிட்டை முன்னும் பின்னுமாக இடித்துக் குடையும் வசதி) தேவையே இல்லை. போட்டால் ஓட்டை அகன்று, ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் பிளக் ஆடும். சாதாரணக் குட்டை பிளக்கும் அதில் நிற்காது, நீளமான பிளக் வேண்டும்.

கர்ட்டன் ராடு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘டிரில் சரியில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. நம் வீடுகளில் ஜன்னல், கதவுகளின் மேல்விளிம்பு தரையிலிருந்து சுமார் 7 அடியில் இருக்கும். அதற்கு நேர்மேலே, மேல்சுவரைத் தாங்கும் கான்கிரீட் பட்டையான லிண்டல் ஓடுகிறது. ராடு மாட்டும் பிராக்கெட் வருவதும் சரியாக அதே இடத்தில்தான். பிட் பூச்சைத் தாண்டி அரை அங்குலம் சுலபமாகப் போகும், அப்புறம் கீச்சென்று கத்திக்கொண்டு அப்படியே நிற்கும். இன்னும் அழுத்தினால் பிட்டின் முனை சூடாகி நீலம் பாய்ந்துவிடும். அதோடு அந்த பிட் முடிந்தது. மெஷின் மேல் தவறில்லை, கான்கிரீட்டைச் செங்கலென்று நினைத்துக் குடைந்ததுதான் காரணம். லிண்டலின் உயரத்தைத் தாண்டி, மேலே செங்கல் வரும் இடத்தில் பிராக்கெட்டை வைக்கலாம். ஜன்னலுக்கு மேலேயே பீம் போகும் அடுக்குமாடியென்றால் அந்த வழியும் இல்லை. அடுத்த படியில் சொல்லும் ரோட்டரி ஹேமர்தான் வேண்டும்.

கூடவே ஒரு பாதுகாப்பு விதி. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும், குழாய்க்கு நேர் மேலும் கீழும் ஓட்டை போடாதீர்கள். ஒயர் பைப்பும் தண்ணீர் பைப்பும் பெரும்பாலும் அந்த நேர்க்கோட்டில்தான் ஏறி இறங்கும். கார்ட்லெஸ் மெஷினில் உள்ள பெரிய வசதி, மெயினை அணைத்துவிட்டே துளையிடலாம் என்பது. சந்தேகமான இடத்தில் அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

3. மெஷினின் பெயரை அல்ல, அது இயங்கும் விதத்தைப் பாருங்கள்

நான்கு வகைகள் உண்டு. பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் ஆன்லைனில் தவறாக வாங்கிவிடுகிறார்கள்.

டிரில் டிரைவர் சுற்ற மட்டும் செய்யும். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் முன்பகுதியான சக்கின் பின்னால் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும், அதுதான் கிளட்ச். வைத்த அளவு முடுக்கியதும் கிளட்ச் கடகடவென்று நழுவும். அதனால் ஸ்க்ரூ தலை தேய்வதில்லை, பிளைவுட்டும் பிளப்பதில்லை. மரம், இரும்பு, ஸ்க்ரூ ஆகியவற்றுக்கு இது போதும்.

ஹேமர் டிரில் என்பது அதே மெஷின்தான். கூடுதலாக, உள்ளே பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று தட்டித் தட்டிச் சுற்றும். பிட் முன்னும் பின்னுமாகத் துடிக்கும். பல கடைகளில் இதைத்தான் ‘இம்பாக்ட் டிரில்’ என்கிறார்கள். செங்கல் சுவருக்கு ஏற்றது. நாம் அழுத்தும் பலம்தான் அடியாக மாறுகிறது என்பதால் கான்கிரீட்டில் திணறும்.

இம்பாக்ட் டிரைவர் முற்றிலும் வேறு. இதன் அடி முன்னோக்கி வருவதில்லை, சுற்றும் திசையில்தான் விழும். நீளமான ஸ்க்ரூ, நட்டு போல்ட் முடுக்குவதற்கானது. இதில் கால் அங்குல அறுகோண பிட் மட்டும் மாட்டும், கிளட்ச் கிடையாது. ‘இம்பாக்ட்’ என்ற சொல்லைப் பார்த்து, சுவரில் ஓட்டை போட இதை வாங்குபவர்கள் நிறையப் பேர். பட்டியலில் சுவர் வேலை இருந்தால் முதல் மெஷினாக இதை வாங்கவே கூடாது.

ரோட்டரி ஹேமரில் ஒரு பிஸ்டன் காற்றழுத்தத்தால் பிட்டின் பின்புறத்தை அடிக்கிறது. நாம் இலேசாகப் பிடித்தாலே போதும், கான்கிரீட்டில் இறங்கிவிடும். பிட்டின் அடிப்பகுதி எஸ்டிஎஸ் பிளஸ் எனப்படும் பள்ளம் வெட்டிய வகையாக இருக்க வேண்டும். சாதாரண உருண்டை பிட் நேரடியாகப் பொருந்தாது.

செங்கல் சுவரும் மர வேலையும் கலந்த வீட்டுக்கு முதல் மெஷின் ஹேமர் வசதியுள்ள டிரில் டிரைவர் என்பதே என் தீர்மானமான கருத்து. ஆண்டுக்கு நாலைந்து கான்கிரீட் ஓட்டைகள் மட்டும் என்றால் அதற்காக எதையும் வாங்க வேண்டாம். ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுங்கள், அல்லது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எல்லா ஓட்டைகளையும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள்.

4. வோல்ட் கணக்கை நீங்களே போடுங்கள்

லித்தியம் அயன் செல் ஒன்றின் சராசரி வோல்டேஜ் 3.6. முழுதாக சார்ஜ் ஏறியதும் 4.2. மூன்று செல்களை வரிசையாக இணைத்தால் சராசரி 10.8, உச்சம் 12.6, இதுவே கடையில் ‘12 வோல்ட்’. ஐந்து செல் என்றால் சராசரி 18, உச்சம் 21. ஆகவே 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ், 21 வோல்ட் என்று மூன்று பெட்டிகளில் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல்தான். 20 என்று எழுதியிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இன்னொரு வகை பெட்டியும் வருகிறது: கையளவு பேட்டரியின் மேல் 48, 88, 128 என்று பெரிய எண்கள். நிஜமாக 48 வோல்ட் வர சுமார் 13 செல்கள் வரிசையாக வேண்டும், 128 வோல்ட்டுக்குச் சுமார் 36. அந்தச் சின்னக் கூட்டுக்குள் அவ்வளவு செல்லுக்கு இடமே இல்லை. இப்படி எழுதி விற்கும் பொருளில் மற்ற எண்களையும் நம்ப முடியாது, ஒதுக்கிவிடுவது நல்லது.

12 வோல்ட் மெஷின் பேட்டரியோடு சேர்ந்து சுமார் ஒரு கிலோ இருக்கும். பொதுவாக 10 மில்லிமீட்டர் சக். ஏணி மேல் நின்று ஒரு கையால் பிடிக்க, அலமாரிக்குள் நுழைத்து வேலை செய்ய இதைப் போல வசதி வேறில்லை. 18 வோல்ட் மெஷின்கள் ஒன்றரை கிலோவுக்கு மேல் போகும், பெரும்பாலும் 13 மில்லிமீட்டர் சக் இருக்கும், பலம் அதிகம்.

வாடகை வீடு, அடுக்குமாடி, பட்டியலில் பெரும்பாலும் ஸ்க்ரூவும் சில செங்கல் ஓட்டைகளும் என்றால் 12 வோல்ட் போதும். சொந்த வீடு, மர வேலையில் ஆர்வம், பிற்பாடு வட்ட ரம்பமோ ரோட்டரி ஹேமரோ வாங்கும் எண்ணம் இருந்தால் நேராக 18 வோல்ட்டுக்குப் போங்கள். 12-ல் தொடங்கிப் பிறகு மாறினால் பேட்டரி, சார்ஜர் எல்லாவற்றுக்கும் மறுபடி செலவழிக்க வேண்டும்.

5. பேட்டரியின் கொள்ளளவு: வாட் அவரில் ஒப்பிடுங்கள்

பேட்டரி மேல் 2 ஏஎச், 4 ஏஎச் என்று எழுதியிருக்கும் (ஏஎச் என்றால் ஆம்பியர் அவர்). அதை மட்டும் வைத்து இரண்டு பேட்டரிகளை ஒப்பிட முடியாது. வோல்ட்டை ஏஎச்சால் பெருக்கினால் வாட் அவர் கிடைக்கும். உள்ளே இருக்கும் மொத்த சக்தி அதுதான். 10.8 × 2 = 21.6. 18 × 2 = 36. 18 × 4 = 72. பெருக்கும்போது 12, 20 என்ற விளம்பர எண்ணைப் போடாமல் சராசரி எண்ணைப் போடுங்கள்.

இனி அதைச் செலவழிக்கும் வேகம். சுவரில் அழுத்திக் குடையும்போது ஒரு டிரில் 300 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 வோல்ட்டில் அது சுமார் 17 ஆம்பியர். 2 ஏஎச் பேட்டரியில் பெரும்பாலும் ஐந்து செல் ஒரே வரிசையாக இருக்கும். ஒவ்வொரு செல்லும் அந்த 17 ஆம்பியரைத் தனியாகத் தாங்க வேண்டும். பத்து செல் உள்ள 4 ஏஎச் பேட்டரியில் இரண்டு வரிசைகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும், ஆளுக்கு எட்டரை. அதனால் சூடு குறையும், வோல்டேஜும் அவ்வளவாக இறங்காது. அதே மெஷின் பெரிய பேட்டரியில் பலமாக ஓடுவதாகத் தோன்றுவதன் காரணம் இதுதான்.

அதற்காகப் பெரிய பேட்டரி ஒன்று போதும் என்று முடிவு செய்துவிட வேண்டாம். டிரில்லுக்கு மட்டும் என்றால் 4 ஏஎச் ஒன்றைவிட 2 ஏஎச் இரண்டு நல்லது. ஒன்று சார்ஜில் இருக்கும்போது மற்றது ஓடும், மெஷினும் இலகுவாக இருக்கும், ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. ரம்பம், கிரைண்டர் போன்றவை வரும்போது 4 ஏஎச்சைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சார்ஜரின் ஆம்பியரையும் படியுங்கள். 4 ஏஎச் பேட்டரிக்கு 2 ஆம்பியர் சார்ஜர் கொடுத்தால் முழுதாக ஏற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

6. பேட்டரிக் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் மெஷினோடு நீங்கள் வாங்குவது ஒரு பேட்டரிக் குடும்பத்தையும் சேர்த்துத்தான். அடுத்த மெஷின்களைப் பேட்டரி இல்லாமல் ‘பாடி’ மட்டும் வாங்கலாம், விலை நன்றாகக் குறையும். ஆனால் பேட்டரி பொருந்த வேண்டும்.

ஒரே கம்பெனி என்பதால் பொருந்திவிடும் என்று எண்ணாதீர்கள். போஷின் நீல நிறத் தொழில்முறை வரிசையும் பச்சை நிற வீட்டு வரிசையும் இரண்டுமே 18 வோல்ட்தான், ஆனால் ஒன்றின் பேட்டரி மற்றதில் ஏறாது. மகிட்டாவிலும் எல்எக்ஸ்டி வரிசை வேறு, ஜி வரிசை வேறு. ஆகவே கம்பெனி பெயரோடு வரிசையின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தை முடிவு செய்யும் முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். உங்கள் பட்டியலில் இரண்டாவது, மூன்றாவதாக வரக்கூடிய மெஷின்கள் அந்த வரிசையில் இருக்கின்றனவா? தனிப் பேட்டரி உங்கள் ஊரில் கிடைக்கிறதா, என்ன விலை? சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம்? இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரர் மழுப்பினால் அந்தக் குடும்பம் வேண்டாம். சில ஆண்டுகளில் பேட்டரி தேய்வது நிச்சயம். மாற்றுப் பேட்டரி கிடைக்காவிட்டால் நல்ல மெஷினும் பரணுக்குப் போய்விடும்.

ஒரு கம்பெனிப் பேட்டரியை இன்னொரு கம்பெனி மெஷினில் போட உதவும் அடாப்டர்கள் விற்கிறார்கள். நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. சார்ஜ் அளவுக்கு மேல் இறங்கினால் ஓட்டத்தை நிறுத்தும் வேலையைச் சில வரிசைகளில் பேட்டரிக்குள் இருக்கும் போர்டு செய்கிறது, சிலவற்றில் மெஷின் செய்கிறது. இரண்டையும் கலந்தால் யாருமே நிறுத்தாமல் செல் வற்றிப்போகக்கூடும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால்: டிவால்ட்டின் அமெரிக்க 20 வோல்ட் மேக்ஸும் ஐரோப்பாவில் விற்கும் 18 வோல்ட் எக்ஸ்ஆரும் ஒரே பேட்டரிதான், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் சார்ஜரில். அமெரிக்காவில் விற்கும் டூல் சார்ஜர்கள் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டும். நம் 230 வோல்ட்டில் செருகினால் போய்விடும். மெஷினையும் பேட்டரியையும் கொண்டுவரச் சொல்லி, சார்ஜரை இங்கே வாங்குங்கள். சிங்கப்பூர், துபாய் சார்ஜர்களுக்கு பிளக் மாற்றி போதும். விமானத்தில் தனிப் பேட்டரியை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட் அவர் வரை விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை. 18 வோல்ட் 5 ஏஎச் என்பது 90, வரம்புக்குள் வரும். எத்தனை பேட்டரி கொண்டுவரலாம் என்பதை மட்டும் விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடட்டும்.

7. எல்லாவற்றையும் கார்ட்லெஸ்ஸாக வாங்க வேண்டியதில்லை

700 வாட் இழுக்கும் ஆங்கிள் கிரைண்டரை 36 வாட் அவர் பேட்டரியில் ஓட்டினால் கணக்குப்படி மூன்று நிமிடம். ஆம்பியரோ 39-க்கு அருகில். சிறிய பேட்டரி கொதித்துவிடும். வீட்டில் எப்போதாவது கம்பி வெட்டவோ டைல்ஸ் வெட்டவோ என்றால் ஒயர் உள்ள மெஷின்தான் சிக்கனம், அது ஐந்து வருடம் சும்மா கிடந்தாலும் கெடாது. எந்த கிரைண்டர் ஆனாலும் பிளேடை மறைக்கும் பாதுகாப்பு மூடியைக் கழற்றாதீர்கள். அதில் மரம் வெட்டும் பல் பிளேடு போடவே போடாதீர்கள். பிளேடு மரத்தில் சிக்கினால் மெஷின் கையை நோக்கித்தான் துள்ளும்.

8. கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

ஆன்லைன் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒருமுறையாவது கடைக்குப் போய் மெஷினைப் பிடித்துப் பாருங்கள். பேட்டரி மாட்டி, கையைத் தோளுக்கு மேல் தூக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். கர்ட்டன் ராடு மாட்டும்போது கை இருக்கப்போவது அப்படித்தான்.

நேரான, நீளமான பிட் ஒன்றை சக்கில் மாட்டி மெதுவாகச் சுற்றவிடுங்கள். முனை வட்டமடித்தால், பிட்டை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். அப்போதும் ஆடினால் அந்த சக் வேண்டாம், ஓட்டை எப்போதும் அகலமாகத்தான் விழும். டிரிக்கரை மிக இலேசாக அழுத்தும்போது மெஷின் நத்தை வேகத்தில் சுற்ற வேண்டும். ஸ்க்ரூவை ஆரம்பிக்கவும் டைல்ஸில் பிட்டை நிறுத்தவும் இந்த மெதுவேகம் அவசியம்.

பிரஷ்லெஸ் மோட்டாரா என்று கேளுங்கள். அதில் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் கிடையாது, ஒரே சார்ஜில் கூடுதல் வேலை நடக்கும். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் மெஷினுக்கு இதற்காகப் பெரிய விலை வித்தியாசம் கொடுப்பது அவசியமில்லை. அந்தப் பணத்தை இரண்டாவது பேட்டரியில் போடுங்கள். தனியாக வாங்கப் போனால் பேட்டரியின் விலை திகைக்க வைக்கும். அதனால்தான் இரண்டு பேட்டரி, சார்ஜர், பெட்டி சேர்ந்த கிட் முதல் மெஷினுக்கு லாபம்.

பேட்டரி மேல் உற்பத்தித் தேதி இருந்தால் பாருங்கள். நீண்ட காலம் அலமாரியில் கிடந்தது வேண்டாம். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். மெஷினுக்கும் பேட்டரிக்கும் வாரண்டி தனித்தனியா என்று கேளுங்கள்.

9. பிட்டுக்குப் பணம் ஒதுக்குங்கள்

நல்ல மெஷினில் மட்டமான பிட் போட்டால் வேலை மட்டமாகத்தான் வரும். தொடக்கத்துக்கு: சுவருக்குக் கார்பைடு முனை பிட் 6, 8 மில்லிமீட்டரில் இரண்டிரண்டு, இரும்புக்கும் மரத்துக்கும் ஹெச்எஸ்எஸ் பிட் சின்ன செட், பிளஸ் தலை ஸ்க்ரூவுக்கு பிஎச்2 பிட் நாலைந்து. நூறு பிட் அடங்கிய மலிவான பெட்டியைத் தவிருங்கள், அதில் நீங்கள் பயன்படுத்தப்போவது இந்தச் சிலவற்றைத்தான்.

6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் பிட். ஓட்டை பிளக்கைவிடச் சற்று ஆழமாக இருக்கட்டும், தூளை வெளியே எடுத்துவிட்டுப் பிளக்கை அடியுங்கள். உள்ளே தூள் தங்கினால் பிளக் பாதியில் நிற்கும். டைல்ஸில் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஹேமரை அணைத்து, டைல்ஸுக்கான பிட்டால் மெதுவாகத் துளையுங்கள். டைல்ஸைத் தாண்டிய பிறகுதான் பிட்டை மாற்றி ஹேமரைப் போட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், டிரில் பிடிக்கும் கையில் துணிக் கையுறை வேண்டாம், சுற்றும் பிட் அதை இழுத்துக்கொள்ளும்.

10. பேட்டரியைப் பராமரிப்பது

பேட்டரியின் முதல் எதிரி சூடு. வேலை முடிந்து கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது சார்ஜரில் போடாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியிலோ கார் டிக்கியிலோ விட்டுவிடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையும் வேண்டாம்; வீட்டுக்குள் பீரோவின் கீழ்த்தட்டு நல்ல இடம்.

மெஷின் பலம் குறைந்து இழுக்கும்போதே நிறுத்துங்கள். ‘இன்னும் ஒரே ஒரு ஸ்க்ரூ’ என்று டிரிக்கரை விட்டு விட்டு அழுத்திச் சக்கையாகப் பிழிவது லித்தியம் செல்லுக்குக் கெடுதல். முழுதாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பழக்கம், இதற்குப் பொருந்தாது.

சில மாதங்கள் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி வையுங்கள். முழு சார்ஜில் கிடந்தால் செல் சீக்கிரம் மூப்படையும். காலியாகக் கிடந்தால் இன்னும் இறங்கி, சார்ஜரே ஏற்க மறுக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துக் கொஞ்சம் ஏற்றிவையுங்கள்.

உப்பிப்போன, தண்ணீரில் விழுந்த, உயரத்திலிருந்து விழுந்து கூடு உடைந்த பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். செல் மாற்றித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. அதிக ஆம்பியர் தாங்கும் செல்லும் சரியான ஸ்பாட் வெல்டிங்கும் இல்லாவிட்டால் அது தீப்பிடிக்கும் பொருள். பழைய பேட்டரியின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியின் அழுத்தத்தில் அது நசுங்கித் தீப்பற்றலாம்.